நான் கொழுக்கவைத்த மதுவம்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் புதிதாக ஒரு முறை கற்றிருக்கிறார்களாம். மதுவத்தின், அதாவது ஈஸ்ட்டின், மரபணுவில் எந்த இடம் வேண்டாமோ, அந்த இடத்தை மட்டும் பார்த்து வெட்டிவிடலாமாம். இரண்டு கிழமையில், பதினாலே நாளில், வேலை முடிந்துவிடுமாம். நீங்கள் வெறும் விளக்கை வைத்துக்கொண்டு எப்படி அக்கா செய்தீர்கள், ஒருக்கால் வந்து சொல்லுங்கள் என்றார்கள். நேரில் போனால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மேசையில் தூசி கிடக்கிறது, குழாயில் பெயர் எழுதவில்லை என்று ஏசத் தொடங்கிவிடுவேன். என் வாய் அப்படி. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய முறைதான் நல்லது என்று ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. இரண்டு கிழமையில் முடிகிற வேலைக்கு நாங்கள் இரண்டு வருடம் முதுகொடிந்தோம். அந்த வெட்டும் முறை அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நான் எழுதப்போவது, அந்த இரண்டு வருடத்தில் என் கை செய்த ஒரு பிழையைப் பற்றி. அந்தப் பிழையால் ஒரு பிள்ளையின் பெயர் கெட்டுப்போகப் பார்த்தது.

என் பெயர் தவமணி. ஊர் சித்தாண்டி. ஆய்வுகூடம் செங்கலடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். முதல் ஆறு வருடம் கண்ணாடிச் சாமான்கள் கழுவினேன். பிறகு கண்டியில் மூன்று மாதப் பயிற்சி, ஒரு பரீட்சை, ஒரு வெள்ளை மேலங்கி. தொழில்நுட்ப அலுவலர் ஆகிவிட்டேன். வீட்டில் எல்லாரும் நான் டொக்டர் ஆகிவிட்டதாகவே நினைத்தார்கள், நானும் மறுத்துச் சொல்லவில்லை.

எங்கள் பொறுப்பாளர் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஒரு கலாநிதி. எல்லாருக்கும் அவர் 'சேர்'தான். மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் போல என்னை அழவைத்த மனிதரும் இல்லை. நான் மேலங்கி போட்ட புதிதில் மதுவம் வளர்ந்த ஒரு தட்டைக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு சேர் என்றேன்.

"நல்லா இரிக்கா இல்லையா எண்டு நான் கேக்கல்ல, தவமணி. என்ன தெரியுது எண்டு கேட்டன்."

அன்றிலிருந்து எங்கள் பதிவுக் கொப்பியில் 'நல்லது', 'மோசம்' என்ற சொற்களுக்கே இடமில்லை. எத்தனையாம் நாள், எவ்வளவு பெரிது, என்ன நிறம், ஓரம் மழுமழுப்பா சொரசொரப்பா, அவ்வளவுதான் எழுதலாம். மனுஷனுக்கு இரக்கமே இல்லை என்று நான் பின்னால் திட்டுவேன். அந்த இரக்கமில்லாத கட்டளைதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது.

இனி வேலையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நெல்வெட்டு முடிந்ததும் வட்டை வட்டையாக, அதாவது வயல்வெளி முழுக்க, வைக்கோல் கிடக்கும். மாடு தின்றது போக மிச்சத்தைக் கொளுத்துவார்கள். அந்த வைக்கோலுக்குள் ஒரு சீனி இருக்கிறது என்று சேர் சொன்னபோது நான் நம்பவில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவள் நான், வைக்கோலில் படுத்துப் புரண்டிருக்கிறேன், ஒருநாளும் இனித்ததில்லை. தண்ணீர் கலந்த ஐதான அமிலத்தில் போட்டு அவித்தார். மண்ணிறத் தண்ணீர் வந்தது. சோதித்துப் பார்த்தால், உண்மைதான், சீனி. நாம் தேநீரில் போடும் சீனி அல்ல, வேறு ஒன்று. உக்கிப்போன வைக்கோல் கும்பியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மதுவம் அந்தச் சீனியைத் தின்று சைலிட்டோல் என்ற இன்னொன்றாக மாற்றும். அது இனிக்கும், நாக்கில் குளிரும், சீனியைப் போலப் பல்லை அரிக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் அந்தச் சாமானை, நாங்கள் கொளுத்தித் தள்ளுகிற வைக்கோலிலிருந்து எடுக்கலாம் என்று அறிந்த அன்று, பஸ்ஸில் வீடு திரும்பும்போது இருபுறமும் கிடந்த வயல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். மதுவம் சைலிட்டோலைச் செய்யும், செய்த கையோடு அதையும் தின்றுவிடும். தின்று தானும் கொழுக்கும், குட்டியும் போடும். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது புத்திசாலித்தனம், எங்களுக்கு நட்டம். செய்யத் தெரிந்த, ஆனால் தின்ன ஏலாத ஒரு மதுவம் வேண்டும். அதற்குத்தான் விகாரம். புற ஊதாக் கதிரால் அடித்து, கலத்துக்குள், அதாவது ஒற்றை உயிரணுவுக்குள், எங்கேயாவது எதையாவது உடைப்பது. எங்கே உடையும் என்று நாம் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் அடித்து, அவற்றில் நமக்கு வேண்டிய இடத்தில் உடைந்த ஒன்றைத் தேட வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் ஃபரீனா வந்தாள். ஏறாவூர்ப் பிள்ளை, பட்டப்பின் ஆராய்ச்சி மாணவி. மெலிந்த உடம்பு, வேகமான நடை, வாய் திறந்தால் கேள்வி. எனக்கு முதலில் அவளைப் பிடிக்கவில்லை. நான் துடைத்து வைத்த இடத்தை அவள் மறுபடி துடைப்பாள், யாருக்குத்தான் பிடிக்கும்?

கறுப்பு நிறம் பூசிய பெட்டிக்குள் விளக்கு. கழுவிய மதுவத்தைத் தெளிந்த நீரில் கலந்து ஆழமில்லாத தட்டில் ஊற்றி, மூடியைக் கழற்றி, விளக்குக்குக் கீழே வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செக்கன் எண்ணுவோம். குறித்த நேரத்தில் மூடி போட்டு, ஈயத்தாளில் சுற்றி, யன்னலெல்லாம் கறுப்புத் துணி அடைத்த சிறிய அறைக்குக் கொண்டுபோவோம். அங்கே ஒரு சிவப்புக் குமிழ் மட்டும் எரியும். காற்றாடி போடக் கூடாது. பட்டப்பகலில், வாவிக் காற்று வெளியே வீச, நாங்கள் உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்போம். ஏன் இந்த இருட்டு என்று நான் கேட்டேன். கதிர் பட்டு உடைந்த இடத்தை மதுவம் தானாகவே திருத்திக்கொள்ளும், அதற்குச் சாதாரண வெளிச்சம் போதும் என்றார் சேர். யன்னலைத் திறந்தால் வெயிலைக் கொண்டே அது தன் புண்ணை ஆற்றிவிடுமாம். கண்ணுக்கே தெரியாத ஒன்று! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுகமில்லையா அக்கா என்று ஃபரீனா கேட்டாள்.

தப்பிப் பிழைத்த ஒவ்வொரு கலமும் தட்டில் பெருகி, சில நாளில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஒவ்வொரு பொட்டிலிருந்தும் கொஞ்சம் தொட்டு, கட்டம் போட்ட இரண்டு தட்டுகளில் ஒரே இலக்கக் கட்டத்தில் வைப்போம். ஒரு தட்டில் வழக்கமான சாப்பாடு. மற்றதில் சைலிட்டோல் மட்டும். முதல் தட்டில் வளர்ந்து, இரண்டாவதில் எது வளரவில்லையோ அதுதான் நமக்கு வேண்டியது. தொட்டு வைக்க வெளிநாட்டுக் குச்சிகள் கிடைக்காத காலம் அது. தென்னோலை ஈர்க்கை விரல் நீளத்துக்கு வெட்டி, நீராவியில் கிருமியழித்து வைத்துக்கொண்டோம். ஒரு பொட்டுக்கு ஓர் ஈர்க்கு. எங்கள் வளவில் விளக்குமாறு கட்ட ஈர்க்கில்லாமல் போனது.

எழுபத்து மூன்றாம் தட்டில் அது கிடைத்தது. சைலிட்டோல் தட்டில் சுற்றிவர எல்லாக் கட்டங்களும் வெள்ளையாக இருக்க, ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. சேர் பார்த்தார். இன்னொரு தரம் செய்யுங்கள் என்றார். செய்தோம். இன்னொரு தரம் என்றார். மூன்றாம் தரமும் வெறுமைதான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளியே போய், மூன்று பேருக்கும் பிளேன்ரீ வாங்கி வந்தார். அந்த மனுஷன் தன் கையால் தேநீர் கொண்டுவந்த ஒரே நாள் அது. அதை 'எழுபத்து மூன்று' என்றே கூப்பிட்டோம். ஃபரீனா அதை வைக்கோல் தண்ணீரில் வளர்த்து அளந்தபோது சைலிட்டோல் பழைய மதுவத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது.

அப்போதுதான் மின்வெட்டுக் காலம் தொடங்கியது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஆழ்குளிர்ப்பெட்டி உருகிக் கெட்டு, அதில் சேமித்திருந்ததெல்லாம் செத்தது. எழுபத்து மூன்றைக் கிழமைக்கு ஒருதரம் புதுக் குழாய்க்கு மாற்றி உயிரோடு வைத்திருப்பது ஒன்றுதான் வழி. அந்தப் பொறுப்பைச் சேர் என்னிடம் தந்தார். கோயில் பூட்டின் திறப்பைத் தந்ததுபோல எனக்குப் பெருமை. ஐந்து மாதம், ஒரு கிழமை தவறாமல், பழைய குழாயிலிருந்து, வைக்கோல் நீரை ஏகார் என்ற கடற்பாசிக் கூழால் உறையவைத்த தட்டில் கீறி வளர்த்து, நாலைந்து பொட்டுகளைத் தொட்டுப் புதுக் குழாயில் வைத்தேன்.

நாலாம் மாதம் ஃபரீனாவின் அளவுகள் இறங்கத் தொடங்கின. முதலில் சிறிது, பிறகு இன்னும். அமிலத்தை மாற்றினாள், காற்றுக் குழாயை மாற்றினாள், வைக்கோலையே மாற்றினாள். இறங்கிக்கொண்டே போனது. அவளுடைய ஆராய்ச்சியைச் சரிபார்க்கும் மதிப்பீட்டுக் குழு வர இன்னும் சில கிழமைதான் இருந்தது. அதில் ஒருவர், முதல் தந்த அளவுகள் சரிதானா என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எப்படியோ எல்லார் காதுக்கும் போய்விட்டது. தேநீர் நேரத்தில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். ஒருநாள் களஞ்சிய அறையில் போத்தல்களுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"சரிவராட்டிப் பரவால்லக்கா. நான் பொய் எழுதினவ எண்டு சொல்லப் போறாங்க. அதத்தான் தாங்க ஏலா."

அழாதே மனே என்று மகளைத் தேற்றுவதுபோல முதுகைத் தடவினேன். தடவிய கை என்னுடையது, ஆனால் மனதுக்குள் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நெருப்பில்லாமல் புகையுமா, இந்தப் பிள்ளை அவசரக்காரி, முதல் அளவில் ஏதாவது கூட்டித்தான் எழுதியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் என் கணவரிடம் சொல்லியும்விட்டேன். எழுபத்து மூன்று என் பொறுப்பில் இருக்கிறது, அதில் பிழை வர வழியே இல்லை, அப்படியானால் பிழை அவளிடம். இவ்வளவுதான் என் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் தொழப் போன நேரம் பார்த்து, அவளுடைய பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்று பழைய பதிவுக் கொப்பியை எடுத்தேன். முதல் கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். அவள் எழுத்து இருந்தது. அதற்கு மேலே என் எழுத்தும் இருந்தது. 'எழுபத்து மூன்று. வைக்கோல் நீர் ஏகார்த் தட்டு. இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் ஊசிமுனை அளவு. ஓரம் மழுமழுப்பு.'

என் முன்னால் அன்றைய தட்டு கிடந்தது. இரண்டாம் நாள் தட்டு. பொட்டுகள் ஒவ்வொன்றும் பாசிப்பயறு அளவில் பளபளவென்று நின்றன.

என் அப்பா விதைநெல்லுக்கு எடுக்கும்போது வட்டை முழுக்க நடந்து, எங்கே கதிர் முற்றிச் சரிந்து நிற்கிறதோ அங்கேதான் எடுப்பார். நானும் கூடப் போயிருக்கிறேன், நல்ல கதிரைக் காட்டியிருக்கிறேன். அந்தக் கண்தான் என் கண். ஐந்து மாதமாக ஒவ்வொரு கிழமையும், யாரும் சொல்லாமலே, என் கை பெரிய, கொழுத்த பொட்டுகளையே தேடிப்போயிருக்கிறது. எழுபத்து மூன்று ஏன் மெலிவு? சைலிட்டோலைத் தின்ன ஏலாததால் மெலிவு. அந்த மெலிவுதான் அதன் அருமை. உடைந்த இடம் ஆயிரத்தில் ஒன்றில் தானாகத் திருந்தி, மறுபடி தின்னத் தொடங்கிய பழைய குணக்காரரைத்தான் நான் விதைநெல் எடுப்பதுபோலப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன்.

கொப்பியை மூடி வைத்திருக்கலாம். பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச நேரம் மூடித்தான் வைத்திருந்தேன். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். அங்கே ஃபரீனா நின்றாள். அவள் இல்லாத நேரம் சொல்லலாம் என்று கால் பின்வாங்கியது. அப்படியே நின்று சொன்னேன்.

"சேர், புள்ளையில பிழை இல்ல. என்ட கைதான். நான் பெரிசு பெரிசாப் பாத்து எடுத்துப் போட்டன்."

சேர் தட்டைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"கழுவாமக் கிடக்கிற குழாயில ஆகப் பழசு எது?"

ஒன்பது கிழமைக்கு முந்தியது ஒன்று கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. நாலைந்து பொட்டுகளை ஒன்றாக எடுத்ததால், பெரியதோடு ஒட்டிக்கொண்டு சிறியதும் ஏதாவது வந்திருக்கலாம் என்றார். உயிரோடு இருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். குழு வர அன்றைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று பின்னேரமே காய்ந்த குழாயில் நீர் விட்டுக் கரைத்து, நூறு வைக்கோல் நீர்த் தட்டுகளில் பரப்பினோம். என் கண்ணை நம்பக் கூடாது என்று சேர் ஒரு வழி சொன்னார். இரண்டாம் நாள் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு பொட்டுக்கும் தட்டின் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. நாலாம் நாள் சிவப்பில்லாமல் ஏதாவது புதிதாகத் தெரிந்தால், அதை மட்டும் தொட வேண்டும். இரண்டாம் நாள் ஆயிரக்கணக்கில் சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றும் என் கை வளர்த்தது. நாலாம் நாள் காலை நானும் ஃபரீனாவும் ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். முதல் இருபது தட்டில் ஒன்றுமில்லை. இருபத்தோராம் தட்டில், இரண்டு பெரிய பொட்டுகளுக்கு இடையில், சிவப்பில்லாமல், ஊசிமுனை அளவில் ஒன்று தெரிந்தது. ஃபரீனா என் தோளைப் பிடித்தாள். நூறு தட்டிலுமாக முப்பத்தொன்று கிடைத்தன.

இரண்டு தட்டுப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு நாள். ஆறாம் நாள் மூடியைத் திறந்தோம். வழக்கமான தட்டில் முப்பத்தொரு கட்டமும் வெள்ளை. சைலிட்டோல் தட்டில் இருபத்தேழு வெள்ளை. நாலு வெறுமை. மூன்று மாதம் கொழுத்தவர்களுக்கு நடுவில் நெரிபட்டு, ஒன்பது கிழமை தண்ணீர் இல்லாமல் காய்ந்து, நான் விட்ட பிழை எல்லாவற்றையும் தாங்கி, அந்த நாலும் இருந்திருக்கின்றன. ஒன்றும் வளராத இடத்தைப் பார்த்து வாழ்க்கையில் நான் அப்படி அழுததில்லை. கடவுளைக் கண்டவர்கள் என்ன உணர்வார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தட்டின் முன்னால் எனக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்போல இருந்தது.

அதிலிருந்து ஃபரீனா வளர்த்து, அளந்து முடிக்கப் பதினோராம் நாள் ஆகிவிட்டது. முதலில் எழுதியிருந்த அளவுக்கு அருகிலேயே வந்து நின்றது. பன்னிரண்டாம் நாள் குழு வந்தது. சந்தேகப்பட்டு எழுதியவர் முதல் அளவையும் நடுவில் இறங்கியதையும் மறுபடி ஏறியதையும் வரிசையாகக் கேட்டார். நான் பின்வரிசையில் எழும்பி, கொப்பியையும் தட்டுகளையும் கொண்டுபோய் வைத்து, இறங்கியது என் கையால் என்று சொன்னேன். அவர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஃபரீனாவிடம், தான் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்றார்.

அவர்கள் போன பிறகு நாலு வெறுங்கட்டத்துக்கும் உரியவற்றைக் கிருமியழித்த வெறும் தண்ணீரில் போட்டு மூடினோம். மின்சாரம் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், வருடக்கணக்கில் அப்படியே உயிரோடு இருக்கும் என்றார் சேர். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும், அது தன் பிழை என்றும் சொன்னார். அவர் வாயிலிருந்து 'பிழை' என்ற சொல் தன்னைக் குறித்து வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பிறகு, இனி இதை யார் பேணுவது என்று கேட்டார். என்னிடமல்ல, ஃபரீனாவிடம். என்னை விட்டுவிடுங்கள் என்று நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அக்காதான் சேர். வேற ஆரு?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சேர் வெளியே போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கொப்பியை நான் எடுத்தது என் பிழையைத் தேடி அல்ல, உன் பிழையைத் தேடி என்றேன். நீ பொய் எழுதினாய் என்று நானும்தான் நினைத்தேன், வீட்டிலும் சொன்னேன் என்றேன். இப்படிப்பட்டவளின் கையில் இதைக் கொடுக்காதே மனே என்றேன்.

அவள் நாலு குழாய்களையும் தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும். அண்டைக்கு நான் தொழப் போகல்ல. கொப்பிய நீங்க எடுக்கக்குள்ள கதவடியில நிண்டன். என்னைத்தான் தேடுறீங்க எண்டு விளங்கிட்டு. அழுதுபோட்டு, வேலைய விட்டுட்டுப் போறன் எண்டு சொல்லத்தான் சேர்ட அறைக்குப் போனன். மறுகா நீங்க கொப்பியோட வந்தீங்க."

தாங்கியைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"தெரிஞ்சுதான் அக்கா தாறன்."